இரண்டு நாற்பது நிழல்

நாவலூரணி விமான நிலையத்துக்கு விமானம் வருவது நின்றுபோன பதினோராவது நாள், பங்குனி வெயிலில், பிற்பகல் இரண்டு நாற்பதுக்கு, அதன் நிழல் மட்டும் வந்து இறங்கியது. மேற்கே கண்மாய்க்கு அப்பாலிருந்து வந்து, தண்ணீரில்லாமல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த கண்மாய்த் தரையில் ஊர்ந்து, மங்கலாக இருந்த விளிம்பு வர வரக் கூர்மையாகி, ஓடுபாதையின் கோடியைத் தொட்டு, ஓடி, வேகம் குறைந்து, திரும்பி, எப்போதும் விமானம் நிற்கிற மஞ்சள் கோட்டில் இம்மி பிசகாமல் நின்றது. நாங்கள் மேலே பார்த்தோம். ஒரு பருந்து சுற்றிக்கொண்டிருந்தது, வேறு ஒன்றும் இல்லை. அதோடு மேலே பார்ப்பதை விட்டுவிட்டோம்.

நான் அந்த நிலையத்துக்குள் டீக்கடை வைத்திருந்தவன். பலகையில் உணவகம் என்று போட்டிருக்கும். கிடைப்பது டீயும் பருப்பு வடையும்தான். எங்கள் சீமையில் ஏரியைக் கண்மாய் என்போம். மழை பெய்தால் அது கடல், பெய்யாவிட்டால் கிரிக்கெட் மைதானம். அதன் கிழக்கு ஓரத்தில், சண்டைக் காலத்தில் வெள்ளைக்காரன் போட்டுவிட்டுப் போன தளத்தைத் தட்டிக்கொட்டி, தகரக் கூரையும் கண்ணாடி முகப்புமாகச் சின்னதாக ஒரு கட்டடம் கட்டி, பத்தொன்பது பேர் உட்காரும் விமானம் ஒன்றைச் சென்னைக்கு விட்டார்கள். ஓடுபாதையின் பாதி கண்மாய்க்குள்ளேயே நீட்டிக்கொண்டிருந்தது. விமானம் விட்ட நாளிலிருந்து கண்மாய் ஒருமுறைகூட நிறையவில்லை என்பதால் அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. நாலு வருஷம் ஓடிய விமானத்தை ஆள் சேரவில்லை என்று நிறுத்தினார்கள். அப்புறம் மூடப்போகிறார்கள் என்று ஒரு வாரம் பேச்சு, மறுபடி விடப்போகிறார்கள் என்று ஒரு வாரம் பேச்சு, சூரிய மின்தகடு பதிக்கிறார்கள், சரக்கு வைக்கிற கிட்டங்கி வருகிறது, விமானம் ஓட்டப் பழகும் பள்ளிக்கூடம் வருகிறது என்று வாரத்துக்கு ஒரு பேச்சு என் கடையில்தான் பிறந்து என் கடையிலேயே செத்தது.

நிழல் வந்த அன்று நிலைய மேலாளர் ஞானையா சார் வெளியே வந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவர் நாகர்கோவில் பக்கத்துக்காரர். எதையும் எழுதி வைத்துவிட்டால் அது ஒழுங்காகிவிடும் என்று நம்புகிறவர்.

“நேரத்துக்கு வந்துட்டுல்லா, பிறகென்ன?” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பதிவேட்டில் வருகை 2.40 என்று எழுதினார்.

அதற்குள் பூமயில் தன் இரண்டு சிவப்பு மட்டைகளோடு நிழலின் மூக்குக்கு முன்னால் போய் நின்று, தலைக்கு மேலே கைகளைக் குறுக்காக வைத்து, நிறுத்து என்று காட்டி முடித்திருந்தாள். விமானத்துக்குக் கை காட்டி வழி சொல்வதுதான் அவள் வேலை. முதலில் அங்கே கூட்டிப் பெருக்கத்தான் வந்தாள். கை காட்ட வந்த பட்டணத்துக்காரன் பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பாமலே இருந்துவிட, ஒரு நாள் விமானம் வந்து திரும்பத் தெரியாமல் முழித்துக்கொண்டு நின்றபோது, பார்த்துப் பார்த்தே எல்லாம் பழகியிருந்த இவள் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு மட்டையை எடுத்தாள். அன்றிலிருந்து ஊரில் அவளுக்குக் கைகாட்டி பூமயில் என்று பெயர்.

அவள் அதைச் சம்பளத்துக்கு மட்டும் செய்யவில்லை என்பது ஊருக்கே தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் புருஷன் வில்லாயுதம் அதே விமானத்தில் ஏறித்தான் சென்னைக்கும், அங்கிருந்து கடல் தாண்டிக் கட்டட வேலைக்கும் போனான். கருவேலங்கரி மூட்டை சுமந்து சுமந்து இடது தோள் இறங்கிப்போன ஆள். படியில் கால் வைக்கும்போது திரும்பி, “ஏறுன எடத்துலதான் எறங்குவேன் பூமயிலு, வேற எங்கயும் எறங்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டுப் போனான். எட்டு மாதம் போன் வந்தது. பிறகு வரவில்லை. அனுப்பிவைத்த ஏஜெண்டின் போனும் அணைந்துபோயிற்று. அவன் இறங்குவதற்கு இந்த ஓடுபாதை இருக்க வேண்டும், இருக்கிறவரைக்கும் அவன் வருவான் என்று அவள் பிடித்துக்கொண்டாள், அந்தப் பிடியில்தான் சோறு தின்றாள், தூங்கினாள், மட்டையைத் துடைத்து வைத்தாள்.

நிழல் வந்த இரண்டாம் நாளே ஊர் அதற்குப் பழகிவிட்டது. ஓடுபாதையில் மிளகாய் வற்றல் காயப்போட்டிருந்தவர்கள் இரண்டு மணிக்கே சாக்கை இழுத்துக்கொண்டு ஒதுங்கினார்கள். மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் வந்து நின்ற நிழலின் இறக்கைக்குள் போய்ப் படுத்து அசைபோட்டன, அங்கே மட்டும் தரை குளிர்ந்திருந்தது. ஏணி தள்ளும் ஆள் ஏணியைத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினான், அதன் நிழல் வழியாக ஒன்பது நிழல்கள் இறங்கின. மூன்றாவது நிழல் ஒரு பையை வைத்திருந்தது. அவர்கள் யாரென்று நாங்கள் கேட்கவில்லை. வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுத்த பிறகுதான் எங்கள் ஊரில் யார் எவர் என்று கேட்பது, தரையில் கிடக்கிற நிழலுக்கு வாய் எந்த இடம் என்று பார்த்துச் செம்பைச் சாய்ப்பதற்குள்ளேயே விமானம் நிற்கிற இருபத்தைந்து நிமிஷமும் போய்விடும். ஊற்றிய தண்ணீர், சுற்றியுள்ள வெயிலில் காய்வதைவிடச் சீக்கிரமாக, அந்த நிழலுக்குள் காய்ந்துபோகும். தாகத்தோடு வருகிறார்கள் என்று புரிந்துகொண்டு மறுநாளிலிருந்து இரண்டு குடம் கூடுதலாக வைத்தோம். குடித்து முடித்து, டீ குடிக்க இறங்கிய பஸ் பயணிகள் மாதிரி அங்கும் இங்கும் கொஞ்சம் நடந்துவிட்டு, மூன்று ஐந்துக்கு எல்லோரும் ஏறிக்கொள்வார்கள். விமானம் கிளம்பிக் கண்மாயைத் தாண்டிப் போய்விடும்.

மூன்றாம் நாள் ஒரு தப்பு நடந்துபோயிற்று. பை வைத்திருந்த அந்த நிழல் நேராக நடந்து வந்து கட்டடத்தின் முகப்புத் தகரம் போட்டிருந்த நிழலுக்குள் நுழைந்தது, நுழைந்தது நுழைந்ததுதான். நிழலுக்குள் போன நிழலை எங்கே போய்த் தேடுவது? டார்ச் அடித்துப் பார்த்தோம், ஏணிக்காரன் தரையைத் தடவிக்கூடப் பார்த்தான். அன்றைக்கு எட்டுப் பேர்தான் திரும்பி ஏறினார்கள். ஊர் அம்பலம் சோணைமுத்து, எங்கள் பக்கத்தில் ஊர்த் தலைவரை அம்பலம் என்போம், ரொம்ப மனசு கஷ்டப்பட்டு, மறுநாள் தன் கையாலேயே முகப்புக்கு இரண்டடி முன்னால் சுண்ணாம்புத் தூளில் வெள்ளைக் கோடு போட்டார். அதற்கப்புறம் நிழல்கள் அந்தக் கோட்டோடு நின்றுகொண்டன. மேகம் போட்ட நாளில் விமானம் வராது, மேகம் விலகிய நாளில் வரும். அவ்வளவுதான், இதில் ஆச்சரியப்பட எங்களுக்கு நேரம் இருக்கவில்லை.

சித்திரை பிறந்து நாலாம் நாள் பூமயில் மட்டையைக் கீழே போட்டாள். அவள் மட்டையைக் கீழே போட்டு நாங்கள் பார்த்ததில்லை. எட்டுப் பேரும் இறங்கிய பிறகு, ஏணியிலிருந்து கடைசியாகப் புதிதாக ஒரு நிழல் இறங்கிக்கொண்டிருந்தது. இடது தோள் இறங்கியிருந்தது. ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் சேர்த்துச் சேர்த்து வைத்து இறங்கியது. மூட்டையோடு இறங்கிப் பழகியவன் அப்படித்தான் இறங்குவான்.

“அண்ணே,” என்றாள் என்னிடம், குரலே இல்லாமல். “அவுகண்ணே.”

நான் தண்ணீர்ச் செம்பை அவள் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டேன். வேறென்ன செய்ய?

அன்றிலிருந்து ஆறு மாதம், வெயில் அடித்த ஒவ்வொரு நாளும், அவளுக்கு இருபத்தைந்து நிமிஷம் குடித்தனம் நடந்தது. வெள்ளைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் சிமெண்டுத் தரையில் அவள் உட்காருவாள், நிழல் அவளுக்கு எதிரே உட்காரும். என்ன பேசினாள் என்று நாங்கள் காது கொடுத்ததில்லை. வீட்டுக்குக் கூட்டிப் போக அவளுக்கு ஆசைதான். ஆனால் கட்டடத்தைத் தாண்டாமல் ஊருக்குள் போக வழியில்லை. இரண்டு பக்கமும் முள்கம்பிக்கு அந்தப் புறம் கருவேலங்காடு, நடுவே தகரக் கூரை, அந்தக் கூரைக்குக் கீழே இருபதடி நிழல். அதற்குள் அவனை விடச் சொன்னால் யார்தான் விடுவார்கள்? மூன்று ஐந்து ஆனதும் எழுந்து அவனை ஏற்றிவிட்டு, மட்டையை எடுத்து, விமானத்துக்கு வழி காட்டி அனுப்பிவிட்டு வருவாள். அந்த நேரத்தில் அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வந்ததே இல்லை, வடைச் சட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஆவணியில் கடிதம் வந்தது. நிலையத்தை வைத்துக்கொள்வதா மூடுவதா என்று முடிவு செய்ய மூன்று பேர் கொண்ட குழு வருகிறது. ஞானையா சார் பதிவேட்டைத் துடைத்து மேசை நடுவில் வைத்தார். பங்குனியிலிருந்து நூற்றிருபது வருகை, நூற்றிருபது புறப்பாடு, அத்தனையும் நேரத்துக்கு. நாங்கள் எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்தோம்: எப்படியாவது அவர்களை இரண்டு நாற்பது வரை பிடித்து வைத்துவிட்டால் போதும், மீதியை நிழல் பார்த்துக்கொள்ளும்.

குழு காலை பதினோரு மணிக்கு வந்தது. தலைவராக வந்த அம்மாளும் கூட வந்த இரண்டு பேரும் நல்ல மனிதர்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாற்பத்தொரு கேள்விக்கான படிவத்தை ஒன்றரை மணிக்குள் நிரப்பிவிட்டு, டவுனில் சாப்பாடு சொல்லியிருக்கிறது என்று கிளம்பப் பார்த்தார்கள்.

“அது எப்படித்தா?” என்று அம்பலம் வழியில் நின்றார். “ஊருக்கு வந்துட்டு ஒரு வாய் சாப்பிடாமப் போனா எங்களுக்கு என்ன மரியாதை? எல போட்டாச்சு.”

இங்கேதான் நாங்கள் கெட்டோம். எங்கள் ஊர் மட்டும் பண்ணக்கூடிய தப்பு அது. பிடித்து வைக்கத்தானே சாப்பாடு, கொஞ்சம் அளவாகச் செய்திருக்கலாம். இரண்டு கிடாய் வெட்டி, சுக்கா வறுத்து, எலும்புக் குழம்பும் ரத்தப் பொரியலும் நெஞ்சுவரைக்கும் போட்டு, மேலே கெட்டித் தயிரும் ஊற்றினால் எந்த மனிதன் விழித்திருப்பான்? இரண்டு பதினைந்துக்கு மூன்று பேரும் கைகழுவிவிட்டு வந்து பயணிகள் நாற்காலியில் சாய்ந்தார்கள். இரண்டு இருபதுக்குக் குறட்டை கேட்டது.

இரண்டு முப்பத்தெட்டுக்குப் பூமயில் உள்ளே ஓடி வந்தாள்.

“எழுப்புங்கய்யா, ஒங்க கால்ல விழுகுறேன். வந்துக்கிட்டு இருக்கு.”

அம்பலம் கையைப் பிசைந்தார். “சாப்ட்டு அசந்து தூங்குற விருந்தாளிய எழுப்புற பழக்கம் நம்ம ஊர்ல இல்லயேத்தா. பாட்டன் காலத்துலருந்து இல்ல.”

“அப்ப நான் எழுப்புறேன்” என்று மட்டையை ஓங்கிக்கொண்டு கண்ணாடிச் சுவரில் தட்டப் போனவள், தட்டுவதற்கு முன்னால் வெளியே பார்த்துவிட்டாள். நிழல் வந்து நின்றிருந்தது. தோள் இறங்கிய நிழல் வெள்ளைக் கோட்டுக்கு வந்து, அவளைக் காணாமல், இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தது. ஓங்கிய கை அப்படியே இறங்கியது. அவள் அவனிடம் போய்விட்டாள்.

நாலு பத்துக்கு அந்த அம்மாள் திடுக்கிட்டு எழுந்தார். வெட்கப்பட்டார். “எங்க வீட்டுலகூட நான் இப்படித் தூங்கினது இல்ல” என்றார். ஞானையா சார் பதிவேட்டைக் காட்டினார், நாங்கள் ஆளுக்கு ஒரு பக்கமாக நிழலைப் பற்றிச் சொன்னோம். அவர் பொறுமையாகக் கேட்டார், சிரிக்கவில்லை. கடைசியில் படிவத்தை இரண்டு தடவை புரட்டிப் பார்த்துவிட்டு, “நிழலுக்கு இதுல கட்டம் இல்லையே” என்று வருத்தமாகச் சொன்னார். மறுநாள் அவர்களுக்கு வேறு ஊரில் ஆய்வு. மூடலாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள்.

“ஒங்க பழக்கத்துல மண்ணள்ளிப் போட” என்றாள் பூமயில், ஊர் முழுக்க நிற்க, அம்பலத்தின் முகத்துக்கு நேராக. அன்றைக்கு மிஞ்சிய கறியை நாய்களுக்குத்தான் போட்டோம்.

புரட்டாசி முடியும்போது கூரையும் கண்ணாடியும் ஏலம் போயின. எடுத்தவர் பழைய இரும்பு வியாபாரம் செய்யும் காதர் மீரா பாய். எங்களுக்கெல்லாம் தெரிந்த மனிதர், கூச்சத்தோடுதான் வந்தார். ஐப்பசி முதல் வாரத்தில் தகரங்களைக் கழற்றி லாரியில் ஏற்றினார்கள். ஞாயிற்றுக்கிழமை ஓடுபாதையின் குறுக்கே கல் நட்டு அடைத்துவிடப் போகிறார்கள் என்று ஞானையா சார் சொன்னார், அதோடு அவருக்கும் மாற்றல். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் கிழக்கேயிருந்து மேகம் வந்து மூட்டம் போட்டு நிழல் வரவேயில்லை. பூமயில் கோட்டுக்கு அருகே வெறுந்தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எங்கள் ஊர் மழைக்கு ஏங்கி ஏங்கியே கழுத்து நீண்ட ஊர். ஆனாலும் அந்த இரண்டு நாளும் மழை பெய்தால் தேவலை என்று வாய்விட்டுச் சொல்ல ஒருவருக்கும் நா எழவில்லை.

வெள்ளி சாயங்காலம் கடைசித் தகரமும் இறங்கியது. மேகம் கொஞ்சம் கிழிந்து வெயில் எட்டிப் பார்த்தது. காதர் மீரா பாய் வேர்வையைத் துடைத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தார்.

“ஏம்மா பூமயிலு, ஒதுங்கி நிக்கக்கூட இங்கன இப்ப ஒரு நெழலு இல்லியேம்மா” என்றார்.

அவர் என்னவோ ஒரு டீக்காகத்தான் அப்படிச் சொன்னார். பூமயில் தலையைத் தூக்கினாள். வெள்ளைக் கோட்டைப் பார்த்தாள். கோட்டுக்கு இந்தப் பக்கம், இத்தனை நாளும் இருட்டிக் கிடந்த இருபதடித் தரை முழுக்க வெயில் கிடந்தது. அதைத் தாண்டி வாசல், வாசலைத் தாண்டி ரோடு, ரோட்டைத் தாண்டி ஊர், ஊரில் நாலாவது தெருவில் மேற்குப் பார்த்த அவள் வீடு.

“அண்ணே,” என்றாள் என்னைப் பார்த்து. “நாளைக்கு வெயில் அடிக்குமா?”

சனிக்கிழமை காலையில் ஊர் செய்த வேலையை வேறு எந்த ஊரும் செய்திருக்காது. இந்த வெக்கை பூமியில் ஒரு முழ நிழலுக்கு அடித்துக்கொள்கிற நாங்கள், நிலையத்திலிருந்து நாலாவது தெருவரைக்கும் முக்கால் கிலோமீட்டரில் இருந்த நிழலையெல்லாம் அப்புறப்படுத்தினோம். ரோட்டு ஓரத்துக் கருவேலத்தை வெட்டிச் சாய்த்தோம், அதற்கு யாரும் அழவில்லை. கல்யாண வீட்டுக்காரர்கள் வாசல் பந்தலைப் பிரித்தார்கள். கடைக்காரர்கள் முன்சாய்ப்பைச் சுருட்டினார்கள். இரண்டு கட்சிக்காரர்களும் அவரவர் தட்டியை அவரவரே இறக்கி ஒரே வண்டியில் ஏற்றினார்கள், அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஊர் நுழைவாயில் வளைவை மட்டும் நகர்த்த முடியவில்லை, பக்கத்து வயல் வரப்பை வெட்டிச் சுற்றுப்பாதை போட்டோம். அம்பலம் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு தானே மண்வெட்டி பிடித்தார். மற்ற எல்லோரையும் அவர் நிமிர்ந்து பார்த்தார், பூமயிலை மட்டும் பார்க்கவில்லை.

அவள் தன் வீட்டு ஓட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு ஓடாக இறக்கி அடுக்கிவிட்டு, கடப்பாரையை எடுத்து மேற்கு மண்சுவரையும் முழங்கால் உயரத்துக்கு இடித்துத் தள்ளினாள். ஐப்பசி மாதத்தில் கூரையைப் பிரிக்கிற பைத்தியம் உண்டா என்று ஒருத்தர் கேட்கவில்லை. மதியம் ஒரு மணிக்கு அவள் வீட்டுக்குள் நடு அறைவரைக்கும் வெயில் விரித்துக் கிடந்தது. நடுவில் ஒரு செம்பு தண்ணீர் வைத்தாள்.

இரண்டு நாற்பதுக்கு நிழல் வந்தது. மஞ்சள் கோட்டில் நின்றது. அவன் இறங்கினான். வெள்ளைக் கோட்டுக்கு வந்து வழக்கம்போல நின்றான்.

பூமயில் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று, காலால் சுண்ணாம்பைத் தேய்த்து அழித்தாள். இரண்டு மட்டைகளையும் தோளுக்கு மேலே தூக்கி, விமானத்தைக் கூப்பிடுகிற அதே மாதிரி, முன்னுக்கு வா, முன்னுக்கு வா என்று காட்டினாள். நிழல் தயங்கியது. அப்புறம் ஒரு காலை எடுத்து வைத்தது.

அவள் பின்பக்கமாகவே நடந்தாள், கண்ணை அவன்மேலிருந்து எடுக்காமல், மட்டைகளை அசைத்து அசைத்து, இப்படி வாங்க, இங்க திரும்புங்க, கல்லு கெடக்கு பாத்து என்று சொல்லிக்கொண்டே. நாங்கள் ரோட்டின் வடக்கு ஓரத்தில் வரிசையாக, எங்கள் நிழல்கள் வயல் பக்கம் விழும்படி நின்றுகொண்டோம். கைக்குழந்தைக்காரிகள்கூடப் பிள்ளையை வடக்கே மாற்றி இடுக்கிக்கொண்டார்கள். அவன் வந்தான், சூரியன் முதுகுப் பக்கம் இருக்க, தோளை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு, கரி மூட்டையோடு ஆயிரம் தடவை நடந்த அதே ரோட்டில். கரண்டுக் கம்பியின் நிழல் நூலாகக் குறுக்கே கிடந்த இடத்தில் நின்று, வீட்டு வாசல்படியைத் தாண்டுகிற மாதிரி காலைத் தூக்கி வைத்துத் தாண்டினான்.

சுற்றுப்பாதையைக் கடந்து முதல் தெருவுக்குள் அவன் நுழைந்தபோதுதான் கிழக்கே பார்த்தோம். மேகம் வந்துகொண்டிருந்தது. வானத்துப் பாதியை மூடிக்கொண்டு, அதன் நிழல் விளிம்பு வயல்களையும் பனைகளையும் ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டு, நேரே அவனுக்கு எதிராக வந்துகொண்டிருந்தது. பின்னால் நிலையத்தில் மணி மூன்று ஐந்து. விமானத்தின் நிழல் எட்டுப் பேரோடு கிளம்பிப் போய்விட்டது. இனி அவன் திரும்பி ஏறுவதற்கும் இடமில்லை.

“வெரசா வாங்க” என்று கத்தினாள் பூமயில். மட்டைகளை வேகமாக ஆட்டினாள். அவன் ஓட ஆரம்பித்தான். இரண்டாவது தெரு. மூன்றாவது தெரு. எங்களில் சிலர் மேகத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டோம், ஆயுசில் முதல் தடவையாக, வராதே என்று. ஈரக்காற்று முகத்தில் அடித்தது. நாலாவது தெருவின் அந்தக் கோடியில் மேகம் நுழைந்தது, இந்தக் கோடியில் அவன் நுழைந்தான். பூமயில் இடிந்த சுவரைத் தாண்டி உள்ளே குதித்தாள். அவன் சுவர்மேல் ஏறி மடிந்து இறங்கியதை நான் பார்த்தேன், செம்புக்குப் பக்கத்தில் அவன் உட்கார்ந்ததையும் பார்த்தேன், உடனே வீடு இருட்டிவிட்டது.

மழை விடியும்வரைக்கும் பெய்தது. மூன்று வருஷத்து மழை. நாங்கள் போய்க் கூப்பிட்டோம், சாக்கும் குடையும் கொண்டு போனோம். கூரையில்லாத வீட்டில், அவன் உட்கார்ந்த இடத்துக்கு எதிரே, அவள் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள், எழுந்திருக்கவில்லை.

காலையில் பளிச்சென்று வெயில் அடித்தது. ஊரே நாலாவது தெருவில் நின்றது. உள்ளே எட்டிப் பார்க்க யாருக்கும் துணிவு இல்லை, கடைசியில் அம்பலம்தான் போனார். போனவர் இடிந்த சுவருக்கு அருகே நின்று, செருப்பைக் கழற்றினார். நாங்களும் போய்ப் பார்த்தோம். பூமயில் தரையில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில், காய்ந்துகொண்டிருந்த ஈரத் தரையில், தோள் இறங்கிய ஒரு நிழல் கால் நீட்டி உட்கார்ந்திருந்தது. ராத்திரி முழுக்க அத்தனை மழையில் இருந்த செம்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

“எழுப்பாதீகப்பா” என்றார் அம்பலம், மெதுவாக.

அன்று மதியமே காதர் மீரா பாய் லாரியைத் திருப்பிக்கொண்டு வந்து, நிலையத்து முகப்புக் கண்ணாடிகளை இறக்கினார். பூமயில் வீட்டுக் கூரைக்கும் மேற்குச் சுவருக்கும் அது சரியாக இருந்தது. இன்றைக்கும் எங்கள் ஊரில் கண்ணாடிக் கூரை போட்ட ஒரே வீடு அதுதான். மேகம் போட்ட நாளில் வில்லாயுதம் தெரிய மாட்டார், அவ்வளவுதான், இருப்பார்.

கல் நட வந்தவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள், நடுவதற்குத் தரையில்லை. கண்மாய் நிறைந்து ஓடுபாதையில் முழங்கால் தண்ணீர் நின்றது. மூடியது மூடியதாகவே புத்தகத்தில் இருந்தது, இடத்தை என்ன செய்வது என்று இன்னொரு குழு யோசிக்கும் என்றார்கள். இரண்டு நாற்பதுக்கு நிழல் தண்ணீர்மேல் வந்து, தாழ்ந்து, இறங்க இடமில்லாமல் ஒரு வட்டம் போட்டுவிட்டுப் போனது. பூமயில் மட்டைகளோடு கரையில் நின்றாள். மறுநாளும் நின்றாள்.

மூன்றாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. “எறங்க வேண்டியவருதான் எறங்கிட்டாரே, இன்னும் எதுக்குத்தா நிக்கிற?” என்றேன்.

அவள் என்னைப் புரியாதவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

“வெயிலு முதுகுல அடிச்சா நெழலுதானண்ணே முன்னால வரும்? ஆளு பின்னாலதான வருவாக.”

அம்பலம் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கலுங்குக்கு நடந்தார். மிச்சத் தண்ணீர் வழிந்தோடும் அந்த இடத்தில், ஒரு அடி கூடுதலாகத் தேங்கட்டும் என்று கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே பலகை போட்டு மண் அடைத்து வைத்திருந்தோம். அந்த ஒரு அடி தண்ணீர் என்றால் முப்பது ஏக்கர் நெல். எங்கள் சீமையில் அதற்காக வெட்டுக்குத்து நடந்திருக்கிறது. அவர் மண்ணை வெட்டித் தள்ளி, முதல் பலகையைக் கையால் பிடுங்கினார். தடுக்க ஆள் வரும் என்று நான் நினைத்தேன். வந்தார்கள், இரண்டாவது பலகையைப் பிடித்துக்கொண்டார்கள்.

தண்ணீர் இரண்டு நாள் வடிந்தது. ஓடுபாதை மீன் முதுகாக மினுங்கிக்கொண்டு வெளியே வந்தது. மூன்றாம் நாள் பூமயில் அதன் நடுவில் போய் நின்றாள், அவள் பின்னால் செம்பும் குடமுமாக ஊர். மணி இரண்டு நாற்பது. கண்மாய்க்கு அப்பாலிருந்து நிழல் தண்ணீர்மேல் வந்துகொண்டிருந்தது, விளிம்பு கூர்மையாகிக்கொண்டே. அவள் மட்டைகளைத் தலைக்கு மேலே தூக்கினாள். நாங்கள் யாரும் தரையைப் பார்க்கவில்லை. வெயில் கண்ணைக் கூச, கையை நெற்றிக்குக் கொடுத்து, எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டு நின்றோம்.